பொதுத்துறை அதிகாரியைப் பார்த்துப் பேசினால் லாபியா, வியாபாரமா?

ஜூன் 4, காலை (வாசகர் கேள்வி)

அயர்லாந்தில் லாபி செய்பவர்கள், அதாவது அரசின் முடிவைத் தங்கள் பக்கம் திருப்ப அதிகாரத்தில் இருப்பவர்களிடம் பேசுகிறவர்கள், பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அரசுக்குச் சொந்தமான வணிக நிறுவனங்களின் ஊழியர்களைப் பார்த்துப் பேசினால் பதிய வேண்டியதில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்பேன். இந்தியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. நாளைக்கு வந்தாலும் ஓஎன்ஜிசி, பெல், என்எல்சி போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் ஆட்களை அதில் இழுக்கக் கூடாது. அவர்கள் கொள்கை வகுப்பதில்லை, சரக்கு வாங்குகிறார்கள், விற்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி வந்து போவதெல்லாம் லாபி என்றால் தொழில் நடக்குமா? பொதுத்துறையோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

பழகியவன் எழுதுகிறேன். ஒரு தனியார் கம்பெனிக்காகத் தொழிற்சாலை வால்வு விற்றவன். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசி பொதுத்துறை. இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் தாராளமாகப் பேசலாம்.

ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், உள்ளே இரண்டு இருக்கின்றன. வெளியாள் போய்ப் பொதுத்துறை அதிகாரியைப் பிடிப்பது ஒன்று. பொதுத்துறை அதிகாரி டெல்லிக்குப் போய் அமைச்சகத்தைப் பிடிப்பது இன்னொன்று. 2015-ல் வந்த அயர்லாந்துச் சட்டம் இந்த இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. யாரிடம் பேசினால் பதிய வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு: அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், உள்ளாட்சி கவுன்சிலர்கள், அமைச்சர்களின் ஆலோசகர்கள், துறைகளின் உயரதிகாரிகள். 1927 முதல் இருக்கும் அரசு மின் நிறுவனமான ஈஎஸ்பியின் ஆட்கள் அதில் இல்லை. நீங்கள் சொன்னது இந்தப் பாதி. அதே ஈஎஸ்பி ஓர் அமைச்சரிடம் போய்க் கொள்கை விஷயமாகத் தனக்கு வேண்டியதைக் கேட்டால் அது லாபி, பதிய வேண்டும். ஒரு விலக்கு: தன் பங்குகளை வைத்திருக்கும் அமைச்சரிடமும் அவருடைய துறையிடமும் வழக்கமான தொழில் விஷயம் பேசினால் வேண்டாம்.

என் பக்கம்: இரண்டு பாதியும் பதிவுக்குள் வர வேண்டும். முதல் பாதியில் எல்லா ஊழியரையும் சேர்க்கச் சொல்லவில்லை. யாரைச் சேர்ப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஜூன் 5, மாலை

"சரக்கு வாங்குகிறார்கள்" என்று சுருக்கமாக முடித்துவிட்டீர்கள். வாங்குவது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

டெண்டர் வெளியான பிறகு விற்பவனுக்குப் பெரிய வேலை கிடையாது. ஈஎம்டி என்ற முன்பணம் கட்ட வேண்டும், விலை போடுவதற்கு முன் நடக்கும் பிரீ-பிட் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சந்தேகம் கேட்க வேண்டும், விலை போட வேண்டும். விலை திறந்த பிறகு எல்-1, அதாவது குறைந்த விலை போட்டவர், தவிர வேறு யாரோடும் பேரம் கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் (சிவிசி) 1998-லேயே சொல்லிவிட்டது. 2007-ல் எல்-1-உடன் பேசுவதும் அபூர்வமாகத்தான் என்று இறுக்கியது. இங்கே தில்லுமுல்லு செய்தால் விஜிலென்ஸ் பிடிக்கும். சில சமயம் செய்யாவிட்டாலும் பிடிக்கும்.

ஆட்டம் இதற்கு வெகு முன்னால் முடிந்திருக்கும். என் மேலாளர் "டெண்டரை எப்படி விட்டாய்" என்று திட்டியதே இல்லை. "ஸ்பெக் எழுதும்போது எங்கே போயிருந்தாய்" என்றுதான் கேட்பார். ஸ்பெக் என்பது வாங்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற தொழில்நுட்பக் குறிப்பு. அதில் ஒரு வரி போதும். என்ன உலோகம், கசிவு எந்த வகுப்புக்குள் இருக்க வேண்டும், எந்தச் சோதனைச் சான்றிதழ், இதே அளவில் இதே அழுத்தத்தில் எத்தனை வால்வு எத்தனை வருடம் ஓடியிருக்க வேண்டும். அந்த வரி விழுந்த இடத்தைப் பொறுத்து ஐந்து பேர் போட்டி போட வேண்டிய டெண்டரில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள்.

இதில் கஷ்டமான விஷயம், அந்த வரிக்கு நியாயமும் இருக்கும். உயர் அழுத்த நீராவிக் குழாயில் வால்வு வெடித்தால் ஆள் செத்துப்போவான். அனுபவம் கேட்பதில் தப்பே இல்லை. ஐந்து வருட அனுபவமா, எட்டு வருடமா என்ற எண்ணில்தான் எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து வேலை பார்த்தோம். எட்டு என்று விழுந்தால் சந்தைக்குப் புதிதாக வந்தவன் வெளியே.

கட்டுமான ஒப்பந்தங்களிலும் இதே கதைதான். கடந்த 7 ஆண்டுகளில் மதிப்பீட்டில் 40 சதவீத அளவுக்கு மூன்று ஒத்த வேலை, அல்லது 50 சதவீதத்துக்கு இரண்டு, அல்லது 80 சதவீதத்துக்கு ஒன்று செய்திருக்க வேண்டும் என்று ஆணையம் 2002-ல் ஒரு அளவு கொடுத்தது. நல்ல அளவு. ஆனால் எது "ஒத்த வேலை" என்பதை டெண்டர் விடும் நிறுவனமே வரையறுக்க வேண்டும். அப்புறம் என்ன, அந்த வரையறை எழுதுபவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக மொய் எழுதுவது நாங்கள்தான்.

ஜூன் 5, இரவு

ஒருவர் இதைப் படித்துவிட்டு "எவ்வளவு கொடுத்தீர்கள்" என்று கேட்டிருக்கிறார். லஞ்சம் வேறு பேச்சு, அதற்குத் தனிச் சட்டம் உண்டு. நாங்கள் செய்ததில் பெரும்பகுதி சட்டப்படி சுத்தம்: செயல்விளக்கம், இலவசப் பயிற்சி வகுப்பு, தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவது, எங்களுக்குச் சாதகமான ஸ்பெக்கை "மாதிரிக்காக" சாஃப்ட் காப்பியாகக் கொடுத்துவிட்டு வருவது. அந்தக் கடைசி வேலைக்கு ஈடு இணை கிடையாது. வேலைப் பளுவில் இருக்கும் இன்ஜினியருக்கு எடிட் செய்யக்கூடிய கோப்பு கொடுப்பவன் தெய்வம்.

ஜூன் 6

"அவர்கள் வெறும் வியாபாரிகள்" என்ற வாதம். இந்தியச் சட்டம் எங்கேயும் அப்படிப் பார்க்கவில்லை. ஓஎன்ஜிசி, எல்ஐசி எல்லாம் அரசியல் சாசனத்தின் 12-ஆவது பிரிவுப்படி அரசுதான் என்று 1975-ல் சுக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் அரசு நிறுவன ஊழியர் பொது ஊழியர். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த நிறுவனம் பொது அதிகார அமைப்பு.

அமெரிக்காக்காரனுக்கும் இது தெரியும். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அவர்களுடைய 1977 சட்டத்தில், அரசு நிறுவனத்தின் ஊழியரும் வெளிநாட்டு அதிகாரியாகவே கருதப்படுவார். ஹைட்டி நாட்டின் அரசுத் தொலைபேசி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஹூஸ்டனிலிருந்து வருகிற விற்பனையாளர் ஓஎன்ஜிசி ஜெனரல் மேனேஜருக்கு மதிய சாப்பாடு வாங்கிக் கொடுக்கும் முன் தன் கம்பெனி வக்கீலைக் கேட்கிறார். பணம் என்று வந்தால் அவர் அரசு அதிகாரி, பேச்சு என்று வந்தால் கடைக்காரரா?

ஜூன் 6, பிற்பகல்

கேள்வி கேட்டவர் திருப்பி அடித்திருக்கிறார்: "சந்திப்பை வெளியிட்டால் போட்டியாளருக்கு ரகசியம் தெரிந்துவிடும், பொதுத்துறை நஷ்டப்படும்."

கனடாவின் கியூபெக் மாகாணம் 2002 முதல் அரசு வணிக நிறுவனங்களின் ஊழியர்களையும் பட்டியலில் வைத்திருக்கிறது. ஹைட்ரோ-கியூபெக் ஆட்களிடம் போய், பொது டெண்டர் வழியாக அல்லாமல் ஓர் ஒப்பந்தம் கேட்டால் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அரசு நிறுவன ஊழியர்கள் உள்ளே. அங்கே பிசி ஹைட்ரோ உண்டு, லாட்டரி நிறுவனமும் உண்டு. இரண்டு மாகாணத்திலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

பதிவில் விலையோ வரைபடமோ கேட்பதில்லை. யார், யாரிடம், எதைப் பற்றி. அவ்வளவுதான். "இன்ன கம்பெனி, இன்ன மின் நிலையத் திட்டத்தின் வால்வு ஸ்பெக் பற்றி" என்ற ஒரு வரியில் என்ன ரகசியம் போய்விடும்? எதிர்க் கம்பெனிக்கு அது எப்போதோ தெரியும். நாங்கள் எல்லோரும் ஒரே வரவேற்பறையில் ஒரே பழைய பத்திரிகையைப் புரட்டியவர்கள்தானே. தெரியாதவர் காசு போட்ட பொதுமக்கள் மட்டும்.

ஜூன் 8

வரவேற்பறை என்றதும் ஞாபகம் வருகிறது. பதிவேடு புதிதாக உருவாக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே இருக்கிறது. பெரிய பொதுத்துறை ஆலைகளில் வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை நிற்கும். கேட் பாஸ் இல்லாமல் ஈ நுழையாது. பெயர், கம்பெனி, யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் பிரிவு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், லேப்டாப்பின் சீரியல் நம்பர் வரை எழுதுவார்கள். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் எல்லோரும் "அலுவல்" என்றுதான் எழுதுவோம். அந்த ஒரு கட்டத்தை ஒழுங்காக நிரப்பச் சொன்னால் பாதிச் சட்டம் முடிந்தது. சந்தித்த அதிகாரியின் கையெழுத்து வேறு அதில் இருக்கும், இல்லாவிட்டால் வெளியே விடமாட்டார்கள்.

ஜூன் 8, இரவு

கேட் பாஸ் யோசனைக்கு நிறையப் பேர் கைதட்டிவிட்டீர்கள். அதில் ஒரு ஓட்டையும் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். முக்கியமான பேச்சு கேட்டுக்கு உள்ளே நடப்பது குறைவு. டவுன்ஷிப் விருந்தினர் மாளிகை, கண்காட்சி அரங்கு, கருத்தரங்கின் தேநீர் இடைவேளை, இப்போதெல்லாம் வாட்ஸ்அப். வாசலில் பதிவதை மட்டும் சட்டமாக்கினால் எல்லோரும் வாசலுக்கு வெளியே பேசுவார்கள். சந்திப்பு எங்கே நடந்தது என்பதை விட்டுவிட்டுப் பேசின விஷயத்தைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. அயர்லாந்துச் சட்டம் அப்படித்தான், போனில் பேசினாலும் கணக்கு. ஸ்காட்லாந்தின் 2016 சட்டம் நேருக்கு நேர் பேசினால்தான் கணக்கு என்று வைத்து, மின்னஞ்சலை வெளியே விட்டுவிட்டது. வீடியோ அழைப்பில் முகம் தெரிந்தால் கணக்கு, கேமராவை அணைத்துக் குரல் மட்டும் என்றால் கணக்கில்லை. சட்டம் எழுதியவர்கள் விற்பனை வேலை பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஜூன் 10

ஓய்வுபெற்ற பொதுத்துறை அதிகாரி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இந்த இழையில் இதுவரை வந்ததில் கனமான எதிர்ப்பு அதுதான், அதனால் வரி வரியாகப் பதில் சொல்லாமல் மொத்தமாக யோசித்தேன்.

அவர் சொல்வதன் சாரம்: சிபிஐ, சிவிசி, அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி மூன்றுக்கும் பயந்து இப்போதே கையெழுத்துப் போட ஆள் இல்லை. இதில் சந்திப்புப் பதிவு என்று ஒன்றையும் கொண்டுவந்தால், வெளியாள் யாரையும் பார்க்கவே மாட்டேன் என்று இன்ஜினியர் கதவைச் சாத்திக்கொள்வார். பெரிய கம்பெனிக்கு அதனால் நஷ்டமில்லை, அவர்களுக்கு மேலிடத்தில் வழி இருக்கிறது. அம்பத்தூரிலும் கோவையிலும் இருக்கிற சின்னப் பட்டறைக்காரர்தான் வாசலிலேயே நிற்பார்.

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு நடக்கும். பத்து வருடம் கழித்து வரும் ஒரு விசாரணையில், "இந்தக் கம்பெனி ஆளை நான்கு தடவை பார்த்திருக்கிறீர்களே" என்று ஒரு தாளைக் காட்டிக் கேட்டால், தப்பே செய்யாதவருக்கும் வியர்க்கும். ஓய்வுபெறும் மாதத்தில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்து கிராஜுவிட்டி நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் இதே தாள் அவரைக் காப்பாற்றவும் செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு ஸ்பெக்கில் எட்டு வருடம் என்று ஏன் போட்டார் என்பதற்கு அவரிடம் ஒரு ஆதாரமும் கிடையாது. மூன்று கம்பெனிகளும் வந்தன, மூவரும் இன்னின்னது சொன்னார்கள், அதற்குப் பிறகு இந்த எண் என்று பதிவு இருந்தால், ஒருவரை மட்டும் உபசரித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. மனதில் பட்டதைச் சொல்கிறேன், ஐயா ஒத்துக்கொள்வாரா தெரியாது.

இன்னொன்று, பதிய வேண்டிய பொறுப்பை அதிகாரி தலையில் வைக்கவே கூடாது. அயர்லாந்தில் போய்ப் பேசுகிறவன்தான் கணக்குக் கொடுக்க வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒரு முறை, அந்தக் காலம் முடிந்து 21 நாளுக்குள், இணையத்தில். தாமதித்தால் 200 யூரோ அபராதம். அதிகாரி எதையும் நிரப்ப வேண்டாம். சின்னப் பட்டறைக்காரருக்கும் அங்கே ஒரு வழி இருக்கிறது: 10 ஊழியர்களுக்கு மேல் இருக்கும் நிறுவனம்தான் பொதுவாகப் பதிவுக்குள் வரும். நம் ஊருக்கு 10 போதாது, எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) பதிவில் குறுந்தொழில் என்று இருப்பவர்களை மொத்தமாக விட்டுவிடலாம்.

ஜூன் 10, இரவு

ஐயா பதில் போட்டிருக்கிறார்: "தம்பி, நீங்கள் விற்கிற பக்கத்தில் இருந்தவர். குறிப்பாணை வாங்குகிற பக்கத்தில் இருந்து பாருங்கள்." இதற்கு என்னிடம் பதில் கிடையாது.

ஜூன் 13

யாரோ ஏர் இந்தியாவை இழுத்திருக்கிறார்கள். இழுக்க வேண்டியதுதான். சிஏஜியின் 2011 அறிக்கையைப் பாருங்கள். 2004 தொடக்கத்தில் 28 விமானம் வாங்குவதாக இருந்த ஏர் இந்தியா திட்டம் பிறகு 68 ஆனது. இந்தியன் ஏர்லைன்ஸின் 43-ஐயும் சேர்த்து 111. பெரும்பாலும் கடனில் இவ்வளவு விமானம் வாங்கியதுதான் நிறுவனத்தின் கடன் சுமைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று அறிக்கை சொன்னது.

28 எப்படி 68 ஆனது என்பதற்குக் கோப்பில் காரணங்கள் இருக்கின்றன: சந்தை மாறியது, பாதைத் திட்டம் மாறியது. அவை உண்மையாகவே இருக்கலாம். யார் மேலும் பழி சொல்ல வரவில்லை. அந்த மாதங்களில் விமானம் தயாரிக்கும் கம்பெனிகளின் ஆட்கள் விமான நிறுவனத்தில் யாரைப் பார்த்தார்கள், எத்தனை தடவை, எதைப் பற்றி என்று ஒரு பொதுப் பதிவு இருந்திருந்தால், தணிக்கையாளர் ஏழு வருடம் கழித்துக் கோப்பைத் தோண்ட வேண்டியிருந்திருக்காது. அமைச்சரைப் பார்த்தால் மட்டும் பதிவு என்று சட்டம் வைத்தால், பாதிப் படம்தான் தெரியும். விமானம் எத்தனை வேண்டும் என்ற காகிதம் புறப்படுவது நிறுவனத்திலிருந்துதான்.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போன பிறகு இந்தப் பேச்சு அதற்குப் பொருந்தாது. இப்போது எத்தனை விமானம் வாங்கினாலும் அது தனியார் காசு, டாடாவின் தலைவலி.

ஜூன் 15

இரண்டாவது பாதிக்கு வருகிறேன், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பொதுத்துறையே லாபி செய்வது.

செய்யுமா என்று கேட்டால், டெல்லி லோதி சாலையில் ஸ்கோப் வளாகம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கென்று 1973-ல் தொடங்கிய சங்கம் அது. தனியார் முதலாளிகளுக்கு எஃப்ஐசிசிஐ, சிஐஐ மாதிரி. பொதுத்துறையின் பொதுவான குரலை அரசிடம் எடுத்துச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. இது தவிரப் பெரிய நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் டெல்லியில் ஒரு அலுவலகம், அதில் லைசன், அதாவது அரசோடு தொடர்பு வேலை, பார்க்கும் மூத்த அதிகாரி. நாடாளுமன்றக் கேள்விக்குப் பதில் தயாரிப்பதிலிருந்து, கமிட்டி உறுப்பினர்கள் ஆய்வுப் பயணம் வந்தால் கார் ஏற்பாடு செய்வது வரை அவர்தான்.

அரசு அரசோடு பேசுவதை எதற்குப் பதிய வேண்டும் என்பீர்கள். எதிரே தனியார் போட்டியாளர் இல்லாவிட்டால் ஒத்துக்கொள்வேன். கிருஷ்ணா-கோதாவரி படுகையில் என்ன நடந்தது? தன் எரிவாயு வயலில் இருப்பது பக்கத்திலிருக்கும் ரிலையன்ஸின் எரிவாயு வயலுக்குப் போகிறது என்று ஓஎன்ஜிசி சொன்னது. 2014 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், ரிலையன்ஸோடு தன் முதலாளியான மத்திய அரசையும் எதிர்த்தரப்பில் நிறுத்தியது. முதலாளியும் நிறுவனமும் ஒரே ஆள் என்றால் இது எப்படி நடக்கும்? வழக்கு என்று போனதால் நமக்குத் தெரிந்தது. அதற்கு முந்தின கடிதங்களும் சந்திப்புகளும், ஓஎன்ஜிசி பக்கமும் சரி ரிலையன்ஸ் பக்கமும் சரி, நமக்குத் தெரிய ஒரு வழியும் கிடையாது.

ஐரோப்பாவில் இதை இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பிரான்சில் 2016 சட்டம், வணிகம் செய்யும் அரசு நிறுவனங்களையும் லாபி செய்பவர்கள் கணக்கில் வைக்கிறது. ஜெர்மனியில் 2022-ல் வந்த பதிவேட்டில், முழுக்க அரசுக்குச் சொந்தமான ரயில் நிறுவனம் டாய்ச் பான் இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுக்கடன் நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மாக் இரண்டையும் 2008-ல் அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தபோது இனி லாபியே கூடாது என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். அதுவும் ஒரு வழிதான், ஆனால் நம் ஊரில் அப்படிச் செய்தால் லைசன் அதிகாரியின் பதவிப் பெயரை மாற்றுவார்கள், வேறொன்றும் நடக்காது.

அயர்லாந்தின் சொந்த அமைச்சர் விலக்கு நமக்கு ஒத்துவருமா? வராது என்பேன். பெட்ரோலிய நிறுவனத்துக்குப் பெட்ரோலிய அமைச்சகம்தான் எல்லாம். அங்கே பேசுவதை விலக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, பதிய?

ஜூன் 16

தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. வேறு மாதிரி பொருந்தும். மத்தியப் பொதுத்துறையின் சிஎம்டியை (தலைவர்-நிர்வாக இயக்குநரை) தேர்வு வாரியம் வைத்து, பெரும்பாலும் அந்தத் துறை ஆட்களிலிருந்து எடுக்கிறார்கள். மாநிலத்தில் மின்வாரியம், டாஸ்மாக் போன்றவற்றின் தலைமையில் ஐஏஎஸ் அதிகாரி உட்கார்கிறார். இன்று வாரியம், அடுத்த மாற்றலில் தலைமைச் செயலகம். அவர் செயலாளருக்கு எழுதுவதை லாபி என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே மாநிலத்தில் இரண்டாவது பாதியை விட்டுவிடலாம். முதல் பாதி அங்கேதான் அதிகம் தேவை. 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் மாநில நிறுவனங்களுக்கும் பொருந்தும், அந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. ஆனால் அதுவும் டெண்டர் காகிதத்திலிருந்துதான் கண்ணைத் திறக்கிறது.

ஜூன் 16, பின்குறிப்பு

மத்திய நிறுவனங்கள் டெண்டர் போடுகிறவர்களோடு செய்துகொள்ளும் இன்டெக்ரிட்டி பாக்ட் (நேர்மை ஒப்பந்தம்) பற்றி இருவர் கேட்டார்கள். நல்ல ஏற்பாடு. ஏஜென்டுக்குக் கொடுக்கும் கமிஷனைச் சொல்ல வேண்டும், சுதந்திரமான கண்காணிப்பாளர்கள் உண்டு. ஆனால் அது டெண்டர் போடுகிறவனைக் கட்டுப்படுத்தும், டெண்டருக்கு முந்தின வருடங்களைத் தொடாது.

ஜூன் 19

என் யோசனையையே நான் உடைக்கப் பார்த்தேன். அதிகாரி கேட்ட தகவலுக்குப் பதில் சொன்னால் அது லாபி அல்ல என்ற விலக்கு அயர்லாந்தில் உண்டு, எந்த நாட்டுச் சட்டத்திலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினியர் சந்தேகம் கேட்க முடியாது.

விற்பனைக்காரனின் கலையே அந்த விலக்கில்தான் இருக்கிறது. நல்ல விற்பனையாளன் போய் "என் வால்வை ஸ்பெக்கில் போடுங்கள்" என்று சொல்லவே மாட்டான். வேறொரு ஆலையில் எதிர்க் கம்பெனி வால்வு கசிந்த கதையை டீ குடிக்கும்போது போகிற போக்கில் சொல்லிவிட்டு எழுந்து போவான். மறுவாரம் இன்ஜினியரே மின்னஞ்சல் போடுவார்: "கசிவு வகுப்பு பற்றி உங்கள் தொழில்நுட்பக் கருத்து தேவை." இப்போது அதிகாரி கேட்டிருக்கிறார், இவன் தகவல் கொடுக்கிறான். சட்டப்படி சுத்தம். இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்த சீனியர், கசிந்த ஆலையின் பெயரை மட்டும் ஒருபோதும் சொல்லமாட்டார். கேட்டால் "வேண்டாம் சார், அடுத்தவன் பிழைப்பு" என்பார். அதில் இன்னும் நம்பிக்கை கூடும்.

இதை எப்படி அடைப்பது? ஒரே கேள்வியை எல்லா வெண்டருக்கும் (சரக்கு விற்கும் கம்பெனிக்கும்) அனுப்பு, வந்த பதில்களை டெண்டரோடு சேர்த்து வெளியிடு என்று சொல்லலாம். யார் யாருக்கு விருப்பம் என்று டெண்டருக்கு முன்பே கேட்கும் பெரிய திட்டங்களில் ஓரளவு நடக்கிறது. சில லட்சம் ரூபாய் வால்வுக்கு யாரும் இதைச் செய்யமாட்டார்கள். அப்போது ஒரு தொகைக்கு மேல் போனால்தான் விதி என்று வரும். தொகை என்று வந்தால் டெண்டரைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். நான்கு நாளாக இதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஜூன் 20

ஒரு தம்பி: "சட்டம் வந்தால் உங்கள் பழைய வேலைக்கு 'பதிவுபெற்ற லாபியிஸ்ட்' என்று விசிட்டிங் கார்டு அடிக்கலாமே." அடித்திருந்தால் பெண் வீட்டில் மதிப்பு கூடியிருக்கும். "வால்வு விற்கிறான்" என்றதும் மாமனார் சைக்கிள் டியூப் என்று நினைத்துவிட்டார்.

ஜூன் 22

இன்னொரு திசையை மறந்தே போனோம்: அரசியல்வாதி பொதுத்துறையைப் பிடிப்பது. 2013 கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புச் செலவு கட்டாயம். லாபம் பார்க்கும் நிறுவனத்தின் சிஎம்டி மேஜையில் எம்பிக்களின் கடிதம் குவியும், என் தொகுதிப் பள்ளிக்குக் கட்டடம், என் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி என்று. நல்ல காரியங்கள்தான். எந்தக் கடிதத்துக்கு ஆம் என்றார்கள், எதற்கு இல்லை என்றார்கள் என்று வெளியிட்டால் சுவாரசியமாக இருக்கும். ஆனால் லாபி சட்டம் எழுதப் போவதே அந்த எம்பிக்கள்தான். 2013-ல் கலிகேஷ் சிங் தேவ் என்ற ஒடிசா எம்பி லாபி வெளிப்படுத்தல் மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. அதற்குச் சற்று முன்புதான், வால்மார்ட் அமெரிக்காவில் தாக்கல் செய்த கணக்கில் இந்தியச் சந்தைக்கான லாபிச் செலவும் இருந்தது என்று நாடாளுமன்றமே அல்லோலகல்லோலப்பட்டது. நம் நாட்டு விஷயத்தை அந்த ஊர்ப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

ஜூன் 26

யார் யாரைச் சேர்ப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எழுதிவிடுகிறேன், பிறகு அடித்துக்கொள்ளுங்கள்.

இயக்குநர் குழு முழுக்க. அது எல்லோரும் ஒத்துக்கொள்வது, ஆனால் அவர்கள் மட்டும் போதாது. ஸ்பெக்கிலும் தகுதி நிபந்தனையிலும் கையெழுத்துப் போடும் அதிகாரி, எந்தப் படிநிலையில் இருந்தாலும். வெண்டர் பட்டியலில் பெயர் சேர்க்கும் குழு. ஸ்பெக்கை வெளியே எழுதக் கொடுத்தால் எழுதும் ஆலோசனை நிறுவனமும், அது இஞ்சினியர்ஸ் இந்தியா, மெகான் போல இன்னொரு பொதுத்துறையாக இருந்தாலும் சரி. டெண்டர் எண்ணோடு இந்தப் பெயர்கள் வெளியாக வேண்டும். கிளார்க், ஸ்டோர் கீப்பர், பராமரிப்பு இன்ஜினியர் யாரையும் தொட வேண்டாம். பராமரிப்புக்காரர் கோபத்தில் சொல்லும் உண்மைதான் நாட்டுக்கே நல்லது, அவர் வாயை அடைத்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஐயா இதற்கு விருப்பக்குறி போட்டிருக்கிறார். கூடவே ஒரு வரி: "பெயரை டெண்டர் முடிந்த பிறகு வெளியிடுங்கள், முன்னால் வெளியிட்டால் போன் ஓயாது." சரியான திருத்தம், சேர்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 27

சட்டம் வரும்வரை என்ன செய்யலாம் என்று கேட்ட பெண்மணிக்கு: முடிந்துபோன ஒரு டெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். டெண்டருக்கு முந்தின ஒரு வருடத்தில் டிசைன் பிரிவுக்கு வழங்கிய வெளியாள் கேட் பாஸ் விவரம் கேளுங்கள். வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டுவார்கள், டெண்டர் முடிந்துவிட்டது என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள். அடுத்து தனிநபர் தகவல் என்று 8(1)(ஜே) வரும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை மாற்றி எழுதியதில் அங்கே கொஞ்சம் கஷ்டம்தான். அதனால் முதல் மனுவிலேயே வந்தவர் பெயரைக் கேட்காதீர்கள். கம்பெனியின் பெயர், தேதி, பிரிவு. இந்த மூன்று மட்டும் கேளுங்கள்.